வாப்பாவின் காலுக்கு ஒரு பாசித் தாள்

கலியாண வீடுகளில் யாராவது என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு "மகள் என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா முந்திக்கொள்வார். "அவ காத்துச் செய்யிறா." மன்னார்த் தீவில் இப்போது காத்து என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது தெற்குக் கரையில் வரிசையாக நிற்கிற காற்றாலைகள்தான். "காத்துக் கம்பனியிலயா? அப்ப எங்கட மருமகனுக்கும் ஒரு வேலை பார்த்துத் தாங்கோவன்" என்பார்கள். ஆரம்பத்தில் நான் பொறுமையாக விளக்கினேன். இல்லை மாமி, நான் ஒட்சிசன் வேலை செய்கிறேன், உடம்புக்கு ஒட்சிசனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொருட்களைக் கண்டுபிடிக்கிறோம் என்றேன். ஒரு மாமி என்னைப் பாவம் போலப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து இஞ்ச சும்மாதானே அடிக்குது. அதைச் செய்யிறதுக்கு மலைநாட்டுக்கா போகோணும்?" அதற்குப் பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை குறைவு. வாய் நீளம். இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எட்டு வருடங்கள் ஒரே ஒரு பொருளோடு மல்லுக்கட்டினேன். காயத்துக்கும் மூச்சு வேண்டும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தவர்களின் காலில் மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைத்துப்போகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு ஒட்சிசனும் போகாது. வெளியே சோளகக் காற்று கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்தாலும் அந்தச் சதைக்கு அதில் ஒரு சொட்டும் கிடைக்காது. அது மூச்சு முட்டிச் சாகும். சாதாரணப் புண் ஆறிவிடும். இந்தப் புண் கறுக்கும்.

தண்ணீர் பட்டால் ஒட்சிசனைக் கக்குகிற ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. அதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அப்படியே ஈரத்தில் போட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கி, சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் சுண்ணாம்பாகிவிடும். போகிற போக்கில் சதையையும் சுட்டுவிடும். எங்கள் வேலை முழுவதும் அதன் அவசரத்தை அடக்குவதுதான். தூளுக்கு மெழுகு பூசினோம். பழுப்புக் கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கூழுக்குள் அதைக் கலந்து, மெல்லிய தாளாக உலர்த்தினோம். அந்தத் தாளைப் புண்ணில் வைத்துக் கட்டினால், புண்ணில் இயல்பாகக் கசிகிற ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊறும்; மூன்று நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்சிசன் வெளியே வரும். கேட்க எளிதாக இருக்கிறது. முதலில் செய்த தாள்கள் சுட்டன. அடுத்தவை ஒன்றுமே செய்யவில்லை. அதற்கடுத்தவை கையில் எடுத்தாலே அப்பளம் போல நொறுங்கின. கடைசியில் எலிகளின் முதுகுப் புண் வழக்கத்தைவிட வேளைக்கே மூடத் தொடங்கிய நாளில் நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கண்டுபிடிப்பை வாப்பாவுக்குத்தான் முதலில் தொலைபேசியில் காட்டினேன். தாளை உற்றுப் பார்த்தார். "இது நோம்பு துறக்கக் காய்ச்சிற கடப்பாசி மாதிரியெல்லோ கிடக்கு. சீனி போட்டியா?"

"இது சீனி வருத்தக்காரருக்கு வாப்பா. சீனி போடேலாது."

"அப்ப எனக்குத்தான் செய்திருக்கிறாய்" என்று சிரித்தார். அப்போது அவருடைய கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன.

வாப்பா கருவாடு போடுகிறவர். நான் பிறந்தது புத்தளத்தில், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் கிடுகுக் கொட்டிலில். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. முற்றத்தில் முள்ளுக்காடு. வாப்பா முதலில் வீட்டைத் திருத்தவில்லை. பின் வளவில் வலை கட்டிப் பரண் போட்டார். விடத்தல்தீவிலிருந்து சீலாவும் கட்டாவும் வாங்கி வந்து, வெட்டிக் கழுவி உப்புப் போட்டுக் காயவைத்தார். அந்தக் கருவாடுதான் என்னைப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோனது. ஒருமுறை சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் மகள். நான் செத்த மீன் அழுகாமப் பார்க்கிறன். நீ உசிரோட இருக்கிறவன் அழுகாமப் பார்க்கிறாய்." என் வேலையை இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. எங்கள் பேராசிரியருக்கு அதைச் சொன்னபோது அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

பரணைச் சுற்றி வாப்பா செருப்போடு நடக்கமாட்டார். சாப்பாட்டுச் சாமான் கிடக்கிற இடம் என்பார். அப்படி நடந்த ஒரு நாள் உடைந்த சிப்பி ஒன்று வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. சீனி வருத்தம் முற்றிய காலில் வலி தெரியாது. தொழுகை விரிப்பில் இரத்தக் கறையைப் பார்த்துவிட்டு உம்மாதான் கண்டுபிடித்தார். எனக்கு மூத்த நானா படம் எடுத்து அனுப்பினார். சின்னக் காயம்தான். ஆனால் எட்டு வருடங்களாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மாதிரிப் படங்களைத்தான். விளிம்பின் நிறத்தைப் பார்த்ததுமே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரு மாதம் கழித்து டொக்டர் நானாவிடம் நேராகவே சொன்னார். விரலுக்கு இரத்தம் போகவில்லை. விரலோடு நின்றால் நல்லது. மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்கத்தான் வேண்டும். வாப்பா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு அழைப்பு எடுத்தார். "நான் ரெண்டு காலோட வந்தனான் மகள். ரெண்டு காலோடதான் போவன்."

எங்கள் ஆய்வுகூடக் கதவில் மூன்று மொழிகளிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. மனிதரில் பரிசோதிக்க அனுமதி கிடைக்கும் வரை ஒரு தாளும் இந்த அறையைத் தாண்டக்கூடாது. அதன் தமிழை எழுதியது நான். எழுத்துப்பிழை வரக்கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்து ஒட்டியதும் நான். அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு அலுமாரியைத் திறந்து ஆறு பைக்கற்றுகளை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். நான் செய்த தாள், என் வாப்பாவின் கால் என்று மட்டும் நினைத்தேன். களவு எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்கும்தான்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் இருந்தேன். வாப்பாவைக் கூடத்தில் கதிரையில் இருத்தி, காலை என் மடியில் எடுத்து வைத்துப் புண்ணைத் துடைத்தேன். பெருவிரல் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. பாதத்தின் மற்றப் பகுதி இன்னும் உயிரோடு இருந்தது. தாளை வைத்துக் கட்டிவிட்டு, பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் மாத்தோணும். தண்ணி படக்கூடாது. இந்தத் தாள் காஞ்சு இருக்கோணும் வாப்பா. ஈரம் பட்டால் பழுதாப்போகும்."

"ஓம் மகள்."

"ஒளு எடுக்கைக்க என்ன செய்வீங்க?"

ஐந்து நேரத் தொழுகைக்கும் முன்னால் முகம், கை, கால் கழுவவேண்டும். அதைக் கேட்க மறந்த முட்டாளல்ல நான். அவரும் அதை ஏற்கனவே மௌலவியிடம் கேட்டு வைத்திருந்தார். "கட்டுக்கு மேல ஈரக் கையால தடவி விட்டால் காணுமாம். மார்க்கத்தில அதுக்கு இடமிருக்கு எண்டு சொன்னார்." எனக்கு நிம்மதியாகிவிட்டது. மூன்று நாட்களும் அப்படித்தான் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது புண்ணின் ஓரத்தில் நூலளவுக்கு ஓர் இளஞ்சிவப்பு விளிம்பு தெரிந்தது. நான் கத்தினேன். உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். வாப்பா குனிந்து தன் காலை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அன்று நானா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "உண்மையைச் சொல்லு. இது சரிவருமா?"

எனக்கு நானாவிடம் பொய் சொல்ல வராது. "பாதிக்குப் பாதிதான் நானா. இரத்தம் போகாத காலில தாள் மட்டும் என்ன செய்யும்? சரிவராட்டிக் கால் போகத்தான் போகுது." வாப்பாவிடம் மட்டும் "கட்டாயம் ஆறும்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சீத்தைத் துணிதான் தொங்கும்.

அடுத்த நாள் நான் பஸ் ஏறினேன். இரண்டாவது தாளைக் கட்டிவிட்டு, மிச்சம் நாலு பைக்கற்றையும் வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் ஆய்வுகூடத்து மாடிப்படியில் நின்று அவருக்கு அழைப்பு எடுத்தேன். பேராசிரியர் கடந்து போனால் குரலைத் தாழ்த்துவேன்.

"கால் எப்படி வாப்பா?"

"இருக்கு மகள்."

"தண்ணி படேல்லத்தானே? தாள் ஈரமில்லையே?"

"தாள் நல்லாக் காஞ்சுதான் கிடக்கு."

வாப்பா பொய் சொல்லாதவர். அன்றும் அவர் பொய் சொல்லவில்லை. உம்மாவிடம் கேட்டேன். "அவர் கவனமாத்தான் இருக்கிறார். உன்ட தாளைப் பொன் மாதிரிப் பார்க்கிறார்" என்றார். படம் அனுப்பச் சொன்னால், கட்டுப் போட்ட காலின் படம் வரும். வெள்ளையாக, இறுக்கமாக, துப்புரவான கட்டு. எனக்கு வேண்டியதைத்தான் அந்தப் படத்தில் நானும் பார்த்தேன். நானா அந்த நாட்களில் மீன் எடுக்க விடத்தல்தீவுப் பக்கம் அலைந்துகொண்டிருந்தார். சோளகக் காற்று தொடங்கிக் கருவாடு காயவைக்கிற வேலை மும்முரமாகிவிட்டது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். மத்தியான வெயில். வீட்டில் யாரையும் காணவில்லை. பின் வளவில் பேச்சுக் குரல் கேட்டது, போனேன். மீன் வெட்ட வருகிற இரண்டு பெண்கள் குந்தியிருந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வாப்பா ஒரு வாங்கில் உட்கார்ந்து காகம் விரட்டிக்கொண்டிருந்தார். பரண் நிறையச் சீலாக் கருவாடு பிளந்து கிடந்தது. அந்த மீன்களுக்கு நடுவே, காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கல் வைத்து, என்னுடைய இரண்டு தாள்களும் காய்ந்துகொண்டிருந்தன.

அவை வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தன. எனக்குக் கையில் எடுக்கவே தேவைப்படவில்லை. எட்டு வருடம் பார்த்த பொருள்.

"இதை ஆர் இஞ்ச போட்டது?"

வாப்பாவின் முகத்தில் என்னைக் கண்ட சந்தோசம். அதோடு கொஞ்சம் பெருமையும். "நான்தான் மகள். ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டை அவிட்டு, காலைக் கழுவி, தாளையும் அலசி, நல்லாக் காயவைச்சுத்தான் திரும்பக் கட்டுறன். இந்தக் காத்துக்கு அரை மணித்தியாலம் காணும். மாத்துறதுக்கு ரெண்டு வைச்சிருக்கிறன். ஒண்டையும் வீணாக்கேல்ல. மற்ற மூண்டும் அலுமாரியில அப்பிடியே கிடக்கு. வேற ஆருக்கும் உதவும்."

காஞ்சு இருக்கோணும் என்று நான் சொன்னதை அவர் ஒரு சொல் பிசகாமல் கேட்டிருந்தார். ஈரமானால் என்ன, காயவைத்தால் சரி. வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்து எடுத்தால் எதுவும் பழுதாகாது என்பது அவருடைய கை நாற்பது வருடமாக அறிந்த விஷயம். முதல் தரம் தண்ணீர் பட்ட உடனேயே தாள் தன்னிடமிருந்த ஒட்சிசனையெல்லாம் பொங்கித் தள்ளிவிட்டுச் செத்திருக்கும். போகும்போது புண்ணையும் சுட்டிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக அவர் கட்டிக்கொண்டிருந்தது சுண்ணாம்புப் பாசி. ஆஸ்பத்திரிக் கட்டுக்கும் போகவில்லை, மகளின் மருந்து இருக்கிறதே என்று.

நான் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உங்களுக்கு ஏதும் விளங்குமா? தண்ணி பட்ட உடனேயே இது செத்துப்போச்சு! ரெண்டு கிழமையாச் செத்த கருவாட்டைக் காலில கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீங்க! இதுக்கா நான் களவெடுத்துக்கொண்டு வந்து தந்தனான்?" என் குரல் வேலியைத் தாண்டிப் போயிருக்கும். செதில் சுரண்டிய பெண்கள் இருவரும் கையை நிறுத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக் கீழே பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்கு வாப்பா முதலாளி. அவரை யாரும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. வாப்பா கையிலிருந்த தடியை மெதுவாக வாங்கில் வைத்தார்.

அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். கருமை விரலைத் தாண்டிப் பாதத்தின் நடுவரை வந்திருந்தது. அவ்வளவு கருவாட்டு மணத்துக்கு நடுவிலும் அது தனியாக மணத்தது. உப்புப் போட்ட மீன் எல்லாம் நன்றாக இருந்தது.

அஸர் தொழுகை முடிந்து வாப்பா விரிப்பிலேயே காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "தடவினாக் காணும் எண்டு மௌலவி சொன்னவர்தானே? பிறகு ஏன் கழுவினீங்க?"

அவர் காலைப் பார்த்தார். "கால் போகத்தான் போகுது எண்டு நீ நானாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கேட்டன்."

என் கண் அடுப்படித் திரைக்குப் போயிற்று.

"கோவமில்ல மகள். நீ படிச்சனீ, உனக்குத் தெரியும். நான் யோசிச்சன், போகப்போற கால்தானே. மறுமையில வாய் பேசாது. கையும் காலும்தான் எழும்பிச் சாட்சி சொல்லும். இது எனக்கு முன்னால போகப்போகுது. கடைசி நாளில எல்லாம் என்னைக் கழுவாம விட்டிட்டான் எண்டு அது போய்ச் சொன்னால் நான் என்ன செய்யிறது? இருக்கிற வரைக்கும் கழுவி விடுவம் எண்டு நினைச்சன். உன்ட மருந்தையும் விடேல்ல. காயவைச்சுக் காயவைச்சுக் கட்டினன்."

அவர் என் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. என்னை முழுதாக நம்பியிருந்தார். நான் அடுப்படியில் சொன்னதை நம்பியிருந்தார். அவரிடமே வந்து "வாப்பா, பாதிக்குப் பாதி நம்பிக்கை இருக்கு, மிச்சப் பாதிக்கு நீங்கள் தண்ணீரைத் தள்ளி வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பாதியை அவர் இரண்டு கையாலும் பிடித்திருப்பார். நாற்பது வருடம் மழையையும் காகத்தையும் பார்த்து வியாபாரம் செய்தவருக்குப் பாதி நம்பிக்கை என்பது நிறைய. அவருக்கு நான் கொடுத்தது ஒரு பொய்யான முழுமை. உண்மையான பாதியை ஒரு துணிக்குப் பின்னால் நின்று வேறொருவருக்குச் சொன்னேன்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலையும் எங்கள் வழக்கத்தில் மையவாடியில்தான் அடக்குவார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்து நானா அதை வாங்கினார். வெள்ளைத் துணி ஒன்று வாங்கி வந்திருந்தார். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் ஆஸ்பத்திரி வாட்டில் வாப்பாவின் கட்டிலடியில் நின்றேன். நானா திரும்பி வந்தபோது சாரத்தின் கீழ்க்கரையில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

வாப்பா மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது அதைத்தான். "கழுவிப்போட்டுத்தானே அடக்கினீங்க?"

"ஓம் வாப்பா" என்றார் நானா.

பிறகு நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். "கழுவேல்ல. பையைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரேல்ல. அப்பிடியே துணியைச் சுத்தி வைச்சிட்டன்." ஐம்பது கிலோ ஐஸ் பெட்டியைத் தனியாகத் தூக்குகிற ஆள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலைக் கழுவக்கூடாது என்று சொன்னவள் நான். கழுவியிருக்கலாமே என்று ஏங்கியவளும் நான்தான்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பிய அன்றே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிங்களவர், கோபம் வந்தால் இங்கிலீசுக்கு மாறிவிடுவார். அன்று மாறவில்லை. பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவினார்?"

"ஐந்து தரம்."

எழுத என்று பேனாவை எடுத்தார். எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதை நான் எங்கே எழுதுவது?" என்றார். எழுத இடமில்லை. அனுமதியில்லாமல் எடுத்த தாள், அனுமதியில்லாமல் கட்டிய கால். அந்தக் காலில் தாள் வேலை செய்திருக்குமா, இல்லையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் நான் கண்ட இளஞ்சிவப்பு விளிம்பு எந்தத் தரவிலும் இல்லை. நோயாளிகளோடு செய்யப்போகிற பரிசோதனையிலிருந்து என்னை விலக்கினார். நியாயம். நான் வாதாடவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தாளை வியர்வையில் ஊறவைத்துப் பார்த்தோம், உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், நாற்பது பாகை வெப்பத்தில் வைத்துப் பார்த்தோம். எலிகள் ஐந்து நேரம் கால் கழுவுவதில்லை. நான் கழுவுகிறேன். அதே ஆய்வுகூடத்துத் தண்ணீர்த் தொட்டியில், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எட்டு வருடம் ஒவ்வொரு நாளும் கழுவியிருக்கிறேன். ஒரு நாளாவது என் காலைக் குனிந்து பார்த்து, இந்தத் தாளைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரில் ஒருவர் எப்படி ஒரு நாளைக் கடத்துவார் என்று நான் யோசிக்கவில்லை. மௌலவி இடம் கொடுத்தார் என்றதும் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மார்க்கம் இடம் கொடுத்தாலும் மனம் இடம் கொடுக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீர் புகாத ஓர் உறை செய்திருக்கலாம். அது ஒரு கிழமை வேலை. இப்போது செய்திருக்கிறோம்.

வாப்பா வீட்டுக்கு வந்த அன்று அஸருக்கு நான்தான் ஒளு எடுக்கத் தண்ணீர் ஊற்றினேன். பின்வாசலில் பைப்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருத்தியிருந்தோம். காற்று சாரத்தை அடித்தது. வெட்டிய பக்கத்தை உம்மா மடித்து ஊசி குத்தி விட்டிருந்தார். வாப்பா கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், முழங்கை வரை கழுவினார், தலையைத் தடவினார். ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் செய்தார். கடைசியாகக் கால். வலது கால்தான் முதலில் கழுவவேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய வரிசை அது. என் கை தன்பாட்டில் கோப்பையை வலது பக்கம் சரித்துவிட்டது. தண்ணீர் வெறும் சீமெந்தில் விழுந்து ஓடிப் பரணடி மணலுக்குள் போயிற்று.

கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பயப்படாத மகள்" என்றார் வாப்பா. "இனி அந்தக் காலில தண்ணி படாது."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர் பகிடி விட்டால் நான் சிரிப்பேன் என்று அவருக்குத் தெரியும். நான் வாய்விட்டு அழுதேன். அவர் என்னை அழ விட்டுவிட்டு, இடது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "நேரம் போகுது, ஊத்து" என்றார். ஊற்றினேன்.